மேப்பிள் கொட்டகைக்கு எந்த விளக்கு?

மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டகைக்கு விளக்கு வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கொட்டகைக்குள் இரவில் கண் தெரியாமல் போவது இருட்டால் அல்ல, ஆவியால். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட ஆவி இன்னும் வெளுத்து, சாறு கொதிக்கிற தட்டு இன்னும் மறைந்துபோகும். விளக்கு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்த பிறகுதான் எந்த விளக்கு என்ற பேச்சே எழ வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் பலர் மேப்பிள் பாகைப் போத்தலில் மட்டுமே பார்த்திருப்பீர்கள். ஆகவே முதலில் கொட்டகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது ஒட்டாவாவுக்கு மேற்கே, லனார்க் கவுண்டியில். ஒன்ராறியோவின் மேப்பிள் தலைநகரம் என்று தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் பகுதி இது. வீட்டுக்குப் பின்னால் சர்க்கரை மேப்பிள் மரங்களை வைத்துக்கொண்டு மார்ச் மாதம் சாறெடுக்க அவற்றில் துளையிடாமல் ஒருவர் சும்மா இருந்தால்தான் இங்கே அதிசயமாகப் பார்ப்பார்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து குடிவந்த புதிதில் எங்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. இப்போது வேடிக்கை பார்க்க வருகிற உறவினர்களுக்கு நாங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில்தான் மரத்தில் சாறு ஓடும். பெப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை அந்தக் காலம். பகல் முழுக்கச் சொட்டியது மாலையில்தான் தொட்டிக்கு வந்து சேரும். வெயில் ஏறினால் சாறு கெட்டுவிடும் என்பதால் அதிக நாள் வைத்திருக்கவும் முடியாது. பெரிய பண்ணைக்காரர்களிடம் எதிர்ச்சவ்வூடு பரவல் இயந்திரம் இருக்கிறது. அது சாற்றிலுள்ள தண்ணீரில் பெரும்பகுதியை அடுப்புக்குப் போகும் முன்பே பிரித்துவிடும். வேலைக்குப் போய்வந்து, இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கிற கொல்லைப்புறக்காரருக்கு அந்த வசதி இல்லை. நள்ளிரவுவரை கொதிக்கவிட வேண்டியதுதான். பெரிய பண்ணையைக் காட்டிலும் சின்னக் கொட்டகைக்குத்தான் விளக்கைப் பற்றிய கவலை அதிகம்.

ஆவி எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 86ஐச் சாற்றிலுள்ள சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்பது கிடைக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது மனப்பாடம். சாற்றில் 2 சதவீதம் சர்க்கரை என்றால் 43 லிட்டர் சாறு. அதில் ஒரு லிட்டர் நமக்கு. மீதி 42 லிட்டரும் ஆவியாகக் கூரைக்குப் போகிறது. அடி தட்டையான சாதாரணத் தட்டு, சதுர அடிக்கு மணிக்குக் கிட்டத்தட்ட 3.8 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும். இரண்டடிக்கு நான்கடித் தட்டு என்றால் மணிக்கு 30 லிட்டர். கூரை உச்சியில் ஆவி போவதற்கென்று கதவு வைத்த கூண்டு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் விறகெடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று உள்ளே புகும்; நேராக மேலே போய்க்கொண்டிருந்த ஆவி கலைந்து கொட்டகை முழுவதும் சுழலும். வெளியே குளிர் கூடக் கூட உள்ளே மூட்டமும் கூடும்.

நாம் கண்ணால் பார்க்கிற ஆவி உண்மையில் நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். ஒரு துளியின் மேல் படுகிற ஒளியில் பெரும்பங்கு அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே சிதறும். ஒரு சிறு பங்கு வந்த வழியே திரும்பும். பக்கவாட்டில் சிதறுவதுதான் மிகக் குறைவு. விளக்கு வைக்கிற விஷயம் முழுவதும் இந்த ஒன்றில்தான் அடங்கியிருக்கிறது. கண்ணுக்குப் பின்னாலிருந்து விளக்கு அடித்தால், திரும்பிவருகிற ஒளி முகத்தில் அறையும். மூடுபனியில் காரின் உயர்விளக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எதிர்ச்சுவரிலிருந்து விளக்கு நம்மைப் பார்த்து எரிந்தால் இன்னும் மோசம். ஆவி மொத்தமும் பளீரென்று ஒரு திரையாகிவிடும். நாம் பார்க்கிற திசைக்குக் குறுக்காக, செங்கோணத்தில் வருகிற வெளிச்சத்தில்தான் ஆவி அடங்கித் தட்டு தெரியும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கை நான் கொட்டகைக்குள் அனுமதிப்பதில்லை. வாளி வாளியாகச் சாறு சேகரிக்கிற நேரத்தில், மரங்களுக்கு நடுவே, அதற்கு ஈடான பொருள் கிடையாது. இரண்டு கையும் வேலையில் இருக்கும். ஆனால் அதே விளக்கோடு தட்டுக்கு மேலே குனிந்தால், கண்ணுக்கு இரண்டங்குலம் மேலேயே ஒளி கிளம்புவதால், பக்கவாட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றை மாட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். வாசலில் ஆணி ஒன்று அடித்து வைத்திருக்கிறேன். கழற்றி மாட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அவசரத்துக்கு ஒரு கைடார்ச் போதும். அதை இடுப்புயரத்தில் கையை நீட்டிப் பிடித்தால் நெற்றி விளக்கைவிடப் பல மடங்கு நன்றாகத் தெரியும்.

மஞ்சள் விளக்கு ஆவியைத் துளைக்கும் என்று இங்கே பழைய ஆட்கள் உறுதியாகச் சொல்வார்கள். காரின் மூடுபனி விளக்கிலிருந்து வந்த நம்பிக்கையாக இருக்க வேண்டும். வானத்தை நீலமாக்குவதுபோல ஒரு நிறத்தை மட்டும் அதிகமாகச் சிதறடிக்க, துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும். ஆவித்துளி அப்படியில்லை, பல மடங்கு பெரியது. மஞ்சளோ வெள்ளையோ அதற்கு எல்லாம் ஒன்றுதான். மஞ்சள் விளக்கு கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். துளைக்கும் என்றால் இல்லை.

எங்கள் கொட்டகையில் காய்ச்சும் தட்டின் இரண்டு நீளப் பக்கங்களிலும், தட்டின் விளிம்பைவிட ஓரடி உயரத்தில், சுவரோடு ஒட்டி நீளமான எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன. பாகு இறக்குகிற முனையில் நின்றுதான் தட்டைப் பார்ப்போம் என்பதால் இரண்டும் பார்வைக்குக் குறுக்காக எரிகின்றன. மேல்பக்கம் ஒரு தகரப் பட்டையை வளைத்து மூடியிருப்பதால் ஒளி நேராகக் கண்ணில் படாமல் கொதிக்கிற பரப்பின் மேல் சாய்வாக விழும். இந்தச் சாய்வில்தான் நுரை தெரியும். பாகு நெருங்கும்போது பெரிய குமிழிகள் மறைந்து, சிறிய, நெருக்கமான, பழுப்பேறிய குமிழிகள் மேலெழும்பும். மேலிருந்து நேராக அடிக்கிற வெளிச்சத்தில் இரண்டு குமிழிகளும் ஒரே வெள்ளைதான். பக்கத்து வெளிச்சத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் விழுந்து வித்தியாசம் புரியும். இது அழகு பார்க்கிற சமாசாரம் இல்லை. தட்டின் பாகு இறக்கும் பக்கத்தில் ஆழம் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு, கீழே விறகுத் தீ. நுரை பொங்குவதைக் கவனிக்காமல் விட்டால் சில நிமிடங்களில் தட்டு அடிபிடித்துவிடும். ஒரு சொட்டுப் பாலேடு போட்டால் பொங்கிய நுரை அடங்கிவிடும். பொங்குகிறது என்று தெரிந்தால்தானே போடுவதற்கு?

தட்டுக்கு நேர் மேலே எதையும் தொங்கவிடுவதில்லை என்பதை விதியாகவே வைத்திருக்கிறோம். குளிர்ந்த உலோகத்தில் ஆவி பட்டால் நீராகும், நீர் சொட்டும், சொட்டும்போது விளக்குக் கூட்டின் துருவையும் தூசியையும் சேர்த்துக்கொண்டுதான் சொட்டும். கண்ணாடி பல்பு என்றால் இன்னொரு பயம். என் மைத்துனர் ஸ்காபரோவில் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறார். மார்ச் விடுமுறையில் வந்தவரை அக்கம்பக்கத்துப் பண்ணை ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கே கொதிக்கிற தட்டுக்கு மேலே உத்தரத்தில் நீளமான பழைய குழல்விளக்குகள் மூடி ஏதும் இல்லாமல் தொங்கின. எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு என் காதருகே சொன்னார்: "அத்தான், எங்கள் கிச்சனில் அடுப்புக்கு மேலே இப்படி ஒன்று இருந்தால் பரிசோதகர் வந்து எழுதிவிட்டுத்தான் போவார்." வாய்விட்டுச் சிரித்தேன், ஆனால் அவர் சொன்னது சரி. அந்தக் குழலுக்குள் பாதரசம் இருக்கிறது. சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீர் சொட்டி விரிசல் விட்டால் அன்றைய பாகு மொத்தமும் குப்பைக்குத்தான். உடைந்தாலும் சிதறாத பிளாஸ்டிக் உறை போட்ட விளக்கு வாங்குவதற்குச் சில டொலர்தான் கூடுதல். தட்டின் பக்கத்தில் இருந்தாலும் உறை வேண்டும்.

குழல்விளக்கை ஒதுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. கொட்டகை காலியாக இருக்கும்போது உள்ளே வெளிக்குளிர்தான். உறைநிலைக்குக் கீழே அந்தக் குழல்கள் மினுக்கி மினுக்கி, அரைகுறை வெளிச்சத்தோடு எரியத் தொடங்கி, கொட்டகை சூடான பிறகுதான் முழுதாக எரியும். எல்.இ.டி.க்குக் குளிர் பிடிக்கும். அதற்கு ஆகாதது சூடுதான். அதுவும் உள்ளே இருக்கிற மின்சுற்றுக்கு. அடுப்பு எரியும்போது கூரையடிதான் கொட்டகையிலேயே சூடும் ஈரமும் மிகுந்த இடம். அங்கே விளக்கை மாட்டினால் அது சீக்கிரம் போய்விடுவதில் ஆச்சரியமில்லை. தாழ்வாக வைப்பதில் ஆவியைத் தவிர்ப்பதோடு இந்த லாபமும் சேர்கிறது.

பாகு இறக்கும் இடத்துக்குத் தனி விளக்கு வேண்டும். மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்கக் கூடாது என்பேன். இங்கே செய்கிற வேலை நுணுக்கமானது. தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் 4 டிகிரி செல்சியஸ் ஏறினால் பாகு பதத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். காற்றழுத்தம் மாறினால் தண்ணீரின் கொதிநிலையும் மாறும் என்பதால் வெப்பமானியை மட்டும் நம்பிவிட முடியாது. உயரமான சிறு உலோகக் குவளையில் பாகைப் பிடித்து அதில் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட வேண்டும். அதன் மெல்லிய கண்ணாடித் தண்டுக்குள் ஒரு சுருள் காகிதம். அதில் சூடான பாகுக்கு ஒன்று, ஆறிய பாகுக்கு ஒன்று என இரண்டு சிவப்புக் கோடுகள். சூடான பாகுக்கான கோடு பாகின் மட்டத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். குவளையிலிருந்தும் ஆவி வரும், மூக்குக்கண்ணாடி மங்கும், பாகு ஆறத் தொடங்கினால் அளவும் மாறும். சில விநாடிகளுக்குள் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. இருட்டுக்குப் பழகிய கண் கூசாமல் இருக்க நெற்றி விளக்குகளில் சிவப்பு ஒளி ஒன்றும் வைத்திருப்பார்கள். அந்தச் சிவப்பு ஒளியில் ஹைட்ரோமீட்டரைப் பார்த்தால் கோடுகளைக் காணவே முடியாது. வெள்ளைக் காகிதமும் சிவப்பாக, கோடும் சிவப்பாக, தண்டு முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். எண்கள் கருப்பில் அச்சிட்டிருப்பதால் அவை மட்டும் தெளிவாகத் தெரியும். கோடு மறைந்துவிட்டது என்று நம் விருந்தாளி ஒருவர் ஹைட்ரோமீட்டரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

அகப்பையை வைத்துப் பதம் பார்ப்பவர்களுக்கு வெளிச்சம் வேறு மாதிரி தேவை. தட்டையான அகப்பையைப் பாகில் முக்கித் தூக்கிச் சாய்த்தால், பதம் வராத பாகு சொட்டுச் சொட்டாக விழும். பதம் வந்துவிட்டால் இரண்டு சொட்டுகள் விளிம்பிலேயே சேர்ந்து ஒரு திரையாகத் தொங்கும். அந்தத் திரையின் ஓரம் தெரிய வெளிச்சம் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். இது ஆவிக்குச் சொன்னதற்கு நேர் எதிர். ஆகவே இறக்கும் முனையில் இருக்கிற விளக்கை நீளமான வளையும் கையில் பொருத்தியிருக்கிறோம். தையல் இயந்திரத்துக்குப் போடுகிற மாதிரி. அகப்பையை அதன் முன்னால் தூக்கிப் பார்த்துவிட்டு, குவளைக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

அடுத்து நிறம். கனடாவிலும் அமெரிக்காவிலும் 2014–15 முதல் ஒரே தரப்பிரிவு வழக்கத்தில் இருக்கிறது: தங்கம், அம்பர், கருமை, மிகக் கருமை. பாகின் வழியே 560 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி எத்தனை சதவீதம் கடந்து போகிறது என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். 75க்கு மேல் போனால் தங்கம், 50 முதல் 75 வரை அம்பர், 25 முதல் 50 வரை கருமை, அதற்கும் கீழே மிகக் கருமை. பருவத்தின் தொடக்கத்தில் பாகு வெளிறியும் போகப்போகக் கறுத்தும் வரும். நாட்கள் சூடாகும்போது சாற்றில் நுண்ணுயிர்கள் பெருகிச் சர்க்கரையை உடைப்பதே காரணம். உடைந்த சர்க்கரை அடுப்பில் எளிதில் பழுப்பேறும். கருவியில்லாத நம்மைப் போன்றவர்கள் மாதிரிக் குப்பிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இரவில் எந்த விளக்கை வைத்தும் நிறம் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. மஞ்சள் சாயலான 2700 கெல்வின் பல்பின் கீழே எல்லாப் பாகும் தங்கமாகத்தான் ஜொலிக்கும். சரி, பகல்வெளிச்சம் போன்ற 5000 கெல்வின் போட்டால்? பல்பின் பெட்டியில் சி.ஆர்.ஐ. 80 என்று போட்டிருக்கும், நிறங்களை ஓரளவு உண்மையாகக் காட்டும் என்று அர்த்தம். அந்த எண் எட்டு வெளிர்நிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் கிடையாது. அதற்கு ஆர்9 என்று தனி அளவு இருக்கிறது. சி.ஆர்.ஐ. 80 உள்ள எல்.இ.டி.யில் ஆர்9 பூச்சியத்தை ஒட்டிக்கூட இருக்கலாம். பாகின் பழுப்பில் இருக்கிற செம்மையை அந்த விளக்கு விழுங்கிவிடும். சி.ஆர்.ஐ. 90க்கு மேல், ஆர்9 மதிப்பையும் பெட்டியில் அச்சிட்டிருக்கிற பல்பு கிடைத்தால் இறக்கும் முனைக்கு அதைத்தான் வாங்க வேண்டும், சந்தேகமில்லை. வாங்கிய பிறகும் தரம் பிரிக்கிற வேலையைக் காலைக்குத் தள்ளுங்கள். ஒரு சிறு குப்பியில் மாதிரியை எடுத்து வடக்குச் சன்னலில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தால் காலையில் வானமே இலவசமாக நிறம் சொல்லும். வீட்டுத் தேவைக்கு மட்டும் காய்ச்சுகிறவரிடம் தரம் என்ன என்று யார் கேட்கப்போகிறார்கள்?

இனி வாட்டுக்கு வருவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கொட்டகையின் தரை ஏறக்குறைய 11 சதுர மீட்டர். வெளிச்சத்தை அளக்கிற அலகு லூமன்; ஒரு சதுர மீட்டருக்கு 300 லூமன் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 3300 லூமன். பச்சைமரப் பலகைச் சுவர் அதில் நல்ல பங்கை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் 5000 என்று வைத்துக்கொள்வோம். பழைய 100 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 1600 லூமன். அப்படி மூன்று. இன்றைய எல்.இ.டி.யில் இது 50 வாட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு பெரிய விளக்காக வாங்காமல் மூன்று நான்கு சிறியதாகப் பிரித்து, தனித்தனிச் சுவிட்சில் போடுங்கள். ஆவி மிகும்போது பொது விளக்கை அணைத்துவிட்டுத் தட்டுப்பக்க விளக்குகளை மட்டும் வைத்துக்கொள்வதுதான் நல்லது. சுவர்களுக்கு வெள்ளையடித்தால் வெளிச்சம் கூடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் பலகைச் சுவரின் நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு பல்பு கூடுதலாகப் போட்டுக்கொண்டு போகிறேன்.

விறகடுப்பின் வாயருகே மட்டும் மங்கலான விளக்கு வைத்துவிடாதீர்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அடுப்புக் கதவைத் திறந்து விறகு போட வேண்டும். திறந்ததும் தீ கண்ணைப் பறிக்கும். மூடித் திரும்பினால், சுற்றிலும் மங்கலாக இருக்கும்பட்சத்தில் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். பக்கத்தில் கொதிக்கிற தட்டு, காலடியில் சிதறிய விறகு. விறகுக் குவியலின் மேல் நல்ல வெளிச்சம் இருந்தால் இந்தத் தடுமாற்றம் பாதியாகக் குறையும்.

கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைத் தேடுவேன். ஐ.பி. 65 அல்லது அதற்கு மேல்: தூசி புகாது, குழாய்த் தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். பருவம் முடிந்ததும் பிசுபிசுப்பைக் கழுவ வேண்டியிருப்பதால் இந்தப் பீய்ச்சல் நிஜமாகவே நடக்கும். அடுத்தது, இயங்கும் வெப்பநிலை. எங்கள் பக்கம் ஜனவரியில் மைனஸ் 30 வரைகூடப் போவதுண்டு. மூன்றாவது, ஆவி புகாத கூட்டுக்குள் சாதாரண எல்.இ.டி. பல்பைப் போடுவதாக இருந்தால், மூடிய கூட்டுக்கு ஏற்றது என்று பல்பின் மேல் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் சூடு வெளியேற வழியில்லாமல் அது சில மாதங்களில் கருகிவிடும். சுவிட்சுகளுக்கும் மூடி வேண்டும். பாகு ஒட்டிய கையால்தான் அவற்றைத் தொடப்போகிறீர்கள்.

மின்சாரம் வீட்டிலிருந்து வருவதென்றால் மண்ணுக்கடியில் புதைக்கத் தகுந்த கம்பியை அக்டோபரிலேயே பதித்துவிட வேண்டும். டிசம்பருக்குப் பிறகு இங்கே மண்வெட்டி இறங்காது. ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் தன் வீட்டு மின்வேலையைத் தானே செய்துகொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் மின்பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்து, ஆய்வுக்கும் விட வேண்டும். ஈரமான இடம் என்பதால் மின்கசிவு கண்டதும் தானே துண்டித்துக்கொள்ளும் இணைப்பு கட்டாயம் வேண்டும். நான் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிட்டேன். மரத்தில் துளையிடுவது வேறு, மின்பலகையில் கைவைப்பது வேறு.

மரங்களுக்கு நடுவே தூரத்தில் கொட்டகை வைத்திருப்பவர்கள் 12 வோல்ட் பேட்டரியோடு வாழ்கிறார்கள், நன்றாகவே வாழ்கிறார்கள். 48 வாட் விளக்குக்கு 4 ஆம்பியர். ஐந்து மணி நேரம் காய்ச்சினால் 20 ஆம்பியர்-மணி. சின்ன பேட்டரியே போதும். கவனிக்க வேண்டியது கம்பிதான். 16 கேஜ் மெல்லிய கம்பியை 15 மீட்டர் இழுத்தால், போக வர 30 மீட்டரில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். வீட்டு மின்சாரத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. 12 வோல்ட்டில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. தடித்த கம்பி வாங்குங்கள், அல்லது பேட்டரியைக் கொட்டகைக்குள்ளேயே வையுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றக் கூடாது, உள்ளே சேதமாகிவிடும். கூரையில் சூரியத்தகடு போட்டு மார்ச் காலையில் தானாக ஏறட்டும் என்று விட்டுவிட முடியாது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து ஏற்றுவதே உத்தமம். ஜெனரேட்டர் வைத்திருக்கிற ஒரு நண்பர் இருக்கிறார். அவருடைய கொட்டகையில் யாரும் பேசிக்கொள்வதில்லை, பேசினாலும் கேட்காது.

வெளியே அதிகம் தேவையில்லை. தொட்டியருகே ஒன்று, வாசலில் ஒன்று. பகலில் இளகிய சேறு இரவில் அப்படியே உறைந்து கரடுமுரடாக நிற்கும். தரை தெரிந்தால் போதும். ஆளைக் கண்டு தானாக எரியும் விளக்கை வாசலில் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கூரையோரத்திலிருந்து வெளியேறும் சூடான ஆவியையும் அது ஆள் என்றே எண்ணிக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டில் இரவு முழுக்க அது எரிவதும் அணைவதுமாக இருக்கும்.

வெளிவிளக்கு 3000 கெல்வினுக்குள், கீழ்நோக்கி மட்டும் எரிவதாக இருக்கட்டும். எங்களுக்குப் பக்கத்திலிருக்கிற வட ஃப்ரன்டெனாக் நகராட்சியை 2013இல் கனடாவின் ராயல் வானியல் சங்கம் இருள்வானக் காப்பகமாக அறிவித்தது. தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்த வானத்தின் கீழே வெள்ளை வெளிச்சத்தை அள்ளி இறைப்பது மரியாதையில்லை. கூரைக்கூண்டின் வழியே மேலே கசிகிற ஒளியும் இதில் சேர்த்திதான். உள்விளக்குகள் தாழ்வாகவும் மேல்பக்கம் மூடியும் இருந்தால் கசிவது மிகக் குறைவு. நீலம் குறைந்த விளக்குக்குப் பூச்சிகளும் குறைவாகவே வரும். இந்தக் குளிரில் பூச்சியா என்று கேட்பீர்கள். மார்ச் கடைசியில், கொஞ்சம் இளஞ்சூடான இரவுகளில் குளிர்கால அந்துப்பூச்சிகள் பறக்கும். அவற்றுக்கு மேப்பிள் சாறு விருந்து. நடுங்கி நடுங்கியே பறக்கும் தசைகளைச் சூடாக்கிக்கொள்ளும் இவற்றின் வித்தையை வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் பெர்ன்ட் ஹைன்ரிக் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். விஞ்ஞானத்தில் அவற்றின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. தொட்டியில் மிதந்தால் இல்லை.

ஒரே ஒரு விளக்குக்குத்தான் இந்த ஆண்டு பணம் இருக்கிறது என்றால் எதை வாங்குவது என்று கேட்டு எழுதுகிறார்கள். பாகு இறக்கும் முனைக்கு, வளையும் கையோடு, சி.ஆர்.ஐ. 90க்கு மேலுள்ள ஒன்று. அதைக் கொஞ்சம் தாழ்த்திப் பக்கவாட்டில் திருப்பினால் தட்டுக்கும் சமாளித்துக்கொள்ளலாம். மற்றதையெல்லாம் அக்டோபரில் கம்பி புதைக்கிற சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் உங்கள் கொட்டகையில் ஆவி எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதும் ஒரு பருவத்தில் தெரிந்துவிடும்.